பிரெய்ரிச் சமவெளியில் வசந்தம் வருவதை எப்படி அறிவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காட்சுவான், மனிட்டோபா ஆகிய மூன்று மாகாணங்களின் தென்பகுதியில் பரந்து கிடக்கும் சமவெளியைப் பிரெய்ரி என்று அழைக்கிறார்கள். அதன் நடுவே சாஸ்கட்டூன் நகரில் வாழும் எனக்கு, ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம் பிறந்ததும் புதிதாகக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களிடமிருந்து ஏறக்குறைய ஒரே வகையான ஐயங்கள் வந்து சேர்கின்றன. முதல் குளிர்காலத்தை வீட்டுக்குள்ளேயே கழித்தவர்களுக்கு அது எப்போது விலகும் என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்பதை நானும் பட்டறிந்திருக்கிறேன். ஆகவே அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

மார்ச் 20 அன்று வசந்தம் பிறந்துவிட்டது என்று வானொலியில் சொன்னார்கள். வாசலில் முழங்கால் அளவு பனி கிடக்கிறதே, எதை நம்புவது?

வானொலி சொன்னது சூரியனின் கணக்கு. மார்ச் 20ஐ ஒட்டிப் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகின்றன. அதற்கு மேல் அந்த நாளுக்கு இங்கே பொருள் இல்லை. நிலம் சூரியனுக்குப் பல வாரங்கள் பின்தங்கியே வருகிறது. புதிதாக விழுந்த பனி, தன்மேல் படும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. எஞ்சிய வெப்பம் முதலில் பனியை உருக்குவதிலேயே செலவாகிறது. அதன் பிறகுதான், ஒரு மீட்டருக்கும் கூடுதலான ஆழம்வரை உறைந்து கிடக்கும் மண் இளகத் தொடங்குகிறது.

நம்முடைய பழைய பருவப் பகுப்பு இந்த இடத்தில் பெரிதும் கைகொடுக்கிறது. மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம், சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பது தமிழ்க் கணக்கு. அது வேறொரு நிலத்துக்காக வகுக்கப்பட்டதுதான் என்றாலும், ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை நீளும் இளவேனில் இந்தச் சமவெளியின் உண்மையான வசந்தத்தோடு வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போகிறது. ஆகவே மார்ச்சைப் பின்பனிக்காலம் என்று எண்ணிக்கொண்டால் ஏமாற்றம் இல்லை.

அப்படியென்றால் சித்திரை பிறக்கும் வரை எந்த அறிகுறியும் தெரியாதா?

தெரியும், ஆனால் அவை மண்ணில் தெரிவதில்லை. முதலில் மாறுவது ஒளி. டிசம்பர் இறுதியில் சாஸ்கட்டூனின் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. மார்ச்சில் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 நிமிடம் வளர்கிறது. வெப்பமானி மைனஸ் 8 என்று காட்டும் நண்பகலில்கூடத் தெற்குப் பார்த்த கூரையின் இறவாரத்திலிருந்து நீர் சொட்டும். வடக்குப் பக்கத்துக் கூரையில் ஒரு துளியும் அசையாது. ஒரே வீட்டின் இரண்டு பக்கங்களையும் சுற்றிவந்து பாருங்கள், குளிர்காலம் எந்தப் பக்கத்திலிருந்து கரையத் தொடங்குகிறது என்பது விளங்கும்.

பறவைகளில் முதலில் வருவது கொம்பு வானம்பாடி. தலையின் இரு பக்கமும் சிறு கருப்பு இறகுகள் கொம்புபோல் நீட்டிக்கொண்டிருக்கும் இந்தப் பறவை, பிப்ரவரி பிற்பகுதியிலேயே கிராமப்புறச் சாலையோரங்களில் விதை பொறுக்கத் தொடங்கிவிடும். கார் நெருங்கும்போது சாலை விளிம்பிலிருந்து ஒரு சிறு கூட்டம் சிதறிப் பறந்தால் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். உறையும் சாலையில் வண்டி ஓட்டுபவர்கள்தாம் இந்த அறிகுறியை முதலில் காண்கிறார்கள்.

கால்கரியில் இருக்கும் என் தங்கை வீட்டில் ஜனவரியிலேயே பனி உருகிவிட்டது. அங்கே மட்டும் வசந்தம் முன்னதாக வருமா?

வராது. அது சினூக் எனப்படும் காற்றின் வேலை. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று ராக்கி மலைத்தொடரின் மேற்குச் சரிவிலேயே தன் ஈரத்தைக் கொட்டிவிட்டு, கிழக்குச் சரிவில் வறண்டு இறங்கும்போது அழுத்தத்தால் சூடாகிறது. அதனால் தெற்கு ஆல்பர்ட்டாவில் சில மணி நேரத்தில் இருபது பாகைக்கு மேல் வெப்பம் ஏறுவதுண்டு; சில நாட்களில் அது பழைய நிலைக்கே இறங்கியும் விடும். சினூக்கை நம்பி மொட்டு விடும் மரங்கள் பட்டுப்போகின்றன.

பிப்ரவரி 2 அன்று கிரவுண்ட்ஹாக் என்ற வளைவாழ் விலங்கு தன் நிழலைப் பார்த்தால் குளிர்காலம் இன்னும் ஆறு வாரம் நீளும் என்று பள்ளியில் பிள்ளைக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அது பலிக்குமா?

பிப்ரவரி 2இலிருந்து ஆறு வாரம் எண்ணினால் மார்ச் நடுப்பகுதி வரும். முதல் பதிலில் சொன்னபடி அது இங்கே பின்பனிக்காலம். நிழல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பனி கிடக்கும். பிள்ளைகள் மகிழட்டும். நாள் கணிப்பதற்கு அதைப் பயன்படுத்த வேண்டாம்.

கனடா கூஸ் என்ற பெரிய வாத்தினப் பறவை திரும்பி வந்தால் வசந்தம் என்கிறார்கள். நான் பிப்ரவரியிலேயே ஆற்றில் இருபது கூஸ்களைப் பார்த்தேன். அதற்கு என்ன பொருள்?

அவை திரும்பி வந்தவையாக இருக்க வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் தெற்கே போகாமலே தங்கிவிட்டவை. நகரத்தையொட்டி ஆறு முழுவதுமாக உறையாத இடங்கள் உண்டு. அங்கே திறந்த நீர் கிடைப்பதால் சில கூஸ்கள் குளிர்காலத்தைக் கழித்துவிடுகின்றன. ராபின் பறவைகளிலும் சில, மரங்களில் வற்றித் தொங்கும் பழங்களைத் தின்று இங்கேயே தங்கிவிடும். எனவே ஒரு பறவையைக் கண்டதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

எதைச் செய்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள். நீரில் மிதந்துகொண்டிருக்கும் கூட்டம் எதையும் சொல்வதில்லை. மார்ச் இறுதியில், உயரத்தில், தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஆங்கில வி எழுத்தின் வடிவில் வரிசையாகக் குரலெழுப்பிக்கொண்டு பறக்கும் கூட்டமே உண்மையான செய்தி.

சரி, நகரத்தில் இருந்துகொண்டே எந்தப் பறவைகளை நம்பலாம்?

மார்ச்சில் காகம். காகம் கரைந்தால் விருந்தாளி வருவார் என்று கேட்டு வளர்ந்த நமக்கு, குளிர்காலம் முழுவதும் காகத்தின் குரல் அரிதாகிவிடும் ஊரில் ஒரு காலையில் திடீரென்று அது கேட்பது தனி ஆறுதல். அதையடுத்து மெடோலார்க் வரும். மஞ்சள் மார்பில் கருப்பு மாலை அணிந்ததுபோல் தோன்றும் இந்தப் பறவை, வேலிக்கம்பத்தின் உச்சியில் அமர்ந்து புல்லாங்குழல் ஒலிபோலப் பாடும். ஊரெல்லையில் காரின் கண்ணாடியை இறக்கி வைத்தாலே கேட்கலாம்.

சாஸ்கட்டூன்வாசிகள் காத்திருப்பது கூழைக்கடாவுக்காக. தெற்கு சஸ்காட்சுவான் ஆற்றின் குறுக்கே உள்ள சிறு தடுப்பணைக்கு அமெரிக்க வெள்ளைக் கூழைக்கடாக்கள் ஏப்ரலில் வந்து சேர்கின்றன. ஆற்றங்கரையைப் பேணும் மீவாசின் அமைப்பு, முதல் கூழைக்கடா எந்த நாளில் வரும் என்று ஊகிக்கும் போட்டியையே பொதுமக்களுக்காக நடத்தி வந்திருக்கிறது. அணையின் கீழ்ப்புறக் கரையில் நின்றால் அவற்றை மிக அருகில் பார்க்கலாம். இனப்பெருக்கக் காலத்தில் மேல் அலகின் நடுவே ஆரஞ்சு நிறத்தில் தட்டையான ஒரு கொம்பு முளைத்திருக்கும்; முட்டையிட்ட பிறகு அது உதிர்ந்துவிடும். ஊரில் ஏரிக்கரையில் கூழைக்கடாவைப் பார்த்து வளர்ந்தவர்களும் இந்தக் கொம்பைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஏப்ரல் பிற்பகுதியில் ஸ்வெயின்சன் பருந்து வருகிறது. அர்ஜென்டினாவின் புல்வெளிகளில் காலம் கழித்துவிட்டு, ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் பறந்து இந்தப் புல்வெளியை அடையும் பறவை அது. அது வந்துவிட்டால் வசந்தம் திரும்பிப் போகும் பேச்சுக்கு இடமில்லை என்று நான் கருதுகிறேன்.

வயலோரத்திலும் பூங்காவிலும் கைகளைக் கட்டிக்கொண்டு நெட்டுக்குத்தாக நிற்கும் அணில்கள் தென்படுகின்றன. குளிர்காலத்தில் இவை எங்கே இருந்தன?

இங்குள்ளவர்கள் அவற்றைக் கோஃபர் என்கிறார்கள். சரியான பெயர் ரிச்சர்ட்சன் தரை அணில். ஆண்டில் பாதிக்கும் மேலான காலத்தை மண்ணுக்கடியில் உறக்கத்திலேயே கழிப்பவை. முதலில் வெளியே வருபவை வளர்ந்த ஆண்கள். மார்ச்சில், பனி இன்னும் படர்ந்திருக்கும்போதே, அந்த வெண்மையின் நடுவே மண்ணள்ளித் தூவியதுபோல் ஒரு பழுப்பு வட்டம் தெரிந்தால் அங்கே ஓர் ஆண் அணில் வளையைத் திறந்துவிட்டது என்று பொருள். பெண்கள் ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்தே வெளிவருகின்றன.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் திரியும் வெள்ளை முயல் இப்போது திட்டுத் திட்டாக நிறம் மாறிவிட்டது. நோயா?

நோயில்லை. அது வெள்ளைவால் ஜாக்ராபிட். பனியோடு ஒன்றிப்போவதற்காகக் குளிர்காலத்தில் வெண்மையாக இருந்த மயிரை உதிர்த்துவிட்டு, சாம்பல் கலந்த பழுப்புக்கு மாறுகிறது. இந்த மாற்றம் பகலின் நீளத்தைப் பின்பற்றி நடப்பதால், பனி முந்தி உருகிய ஆண்டில் பழுப்பு நிலத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும் முயல்களைப் பார்த்து நான் கவலைப்பட்டதுண்டு.

ஆற்றின் மேலிருக்கும் பனிக்கட்டி இன்னும் ஓரடி கனமாகத் தெரிகிறது. மார்ச் இறுதியில் பிள்ளைகளோடு நடந்து போகலாமா?

கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் பதில் இதுதான். ஓடும் ஆற்றின் பனிக்கட்டியை நடுக் குளிர்காலத்தில்கூட நம்ப முடியாது. வசந்தத்தில் கனத்துக்கும் வலிமைக்கும் இருக்கும் தொடர்பே அறுந்துவிடுகிறது. வெயில் உள்ளே இறங்கும்போது, கட்டி மேலிருந்து கரைவதோடு நிற்காமல், செங்குத்தான படிகங்களின் இடுக்குகள் வழியாகவும் கரைகிறது. முடிவில், நெருக்கமாக நிறுத்தி வைத்த மெழுகுவர்த்திகளைப்போல ஒன்றோடொன்று ஒட்டாத நீண்ட குச்சிகளே மிஞ்சுகின்றன. ஓரடி கனம் இருந்தாலும் ஒரு குழந்தையின் எடையில் அது பிரிந்துவிடும்.

கரையில் நின்று பாருங்கள். ஏரியோரத்தில் ஒதுங்கிய அத்தகைய குச்சிகளைக் காற்று அசைக்கும்போது, கண்ணாடி வளையல்கள் உரசுவதுபோல் மெல்லிய ஓசை எழும். அதைக் கேட்பதற்காகவே நான் ஒவ்வோர் ஆண்டும் போகிறேன்.

வயல்களின் நடுவே திடீரென்று குளங்கள் தோன்றியிருக்கின்றன. மழையே பெய்யவில்லையே?

அவை பனி உருகிய நீர். முதல் பதிலில் குறிப்பிட்டதுபோல் அடிமண் உறைந்து கிடப்பதால், உருகிய நீர் கீழே இறங்க வழியின்றி, பள்ளம் தேடி ஓடித் தேங்குகிறது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பனிப்பாறைகள் விட்டுச் சென்ற இந்தப் பள்ளங்களை இங்குள்ள உழவர்கள் ஸ்லூ என்பார்கள். வட அமெரிக்காவின் காட்டு வாத்துகளில் பெரும்பங்கு இந்தக் குட்டைகள் நிறைந்த பகுதியில்தான் குஞ்சு பொரிக்கிறது. குளிர்காலத்தில் பனி குறைந்தால் வசந்தத்தில் வாத்தும் குறையும்.

மனிட்டோபாவின் வினிபெக் நகரில் மட்டும் ஏன் வசந்தம் என்றாலே வெள்ளத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்?

ரெட் ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது என்பதே முதற்காரணம். அமெரிக்காவின் வடக்கு டகோட்டா, மினசோட்டா பக்கத்தில் பனி முந்தி உருகி நீர் புறப்படும்போது, வடக்கே வினிபெக் ஏரியை நோக்கிய பகுதியில் ஆறு இன்னும் உறைந்திருக்கலாம். உடைந்த பனிக்கட்டிகள் அங்கே அடைத்துக்கொள்கின்றன. நிலமோ, அகாசிஸ் என்ற மாபெரும் பழங்கால ஏரியின் அடித்தரையாக இருந்த தட்டை நிலம். கரை மீறிய நீர் பல கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவிவிடும்.

1950ஆம் ஆண்டின் பெருவெள்ளத்துக்குப் பிறகு, நகரைச் சுற்றி 47 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு வெள்ளக்கால்வாய் வெட்டினார்கள். 1962இல் தொடங்கிய பணி 1968இல் முடிந்தது. 1997இல் அதைவிடப் பெரிய வெள்ளம் வந்தபோது நகரின் பெரும்பகுதியைக் காத்தது அந்தக் கால்வாய்தான்.

ஏப்ரல் தொடக்கத்தில் எல்லாம் உருகிய பிறகு மறுபடி பனி கொட்டிவிட்டது. வசந்தம் திரும்பிப் போய்விட்டதா?

போகவில்லை. ஏப்ரலில் பனிப்புயல் வருவது இங்கே வழக்கத்துக்கு மாறானதன்று. மேலே சொன்ன 1997ஆம் ஆண்டிலேயே, ஏப்ரல் 5, 6 நாட்களில் வினிபெக் மீது ஏறத்தாழ அரை மீட்டர் பனி விழுந்து, பின்னால் வந்த வெள்ளத்துக்கு நீர் சேர்த்தது.

ஆனால் ஏப்ரல் பனிக்கும் ஜனவரிப் பனிக்கும் வேறுபாடு உண்டு. ஏப்ரல் பனி ஈரமும் எடையும் மிக்கது, உருட்டினால் ஒட்டும். கீழே மண் இளகத் தொடங்கியிருப்பதாலும் மேலே வெயில் உயர்ந்திருப்பதாலும் பெரும்பாலும் சில நாட்களிலேயே போய்விடும். ஜனவரிப் பனி காலடியில் நொறுநொறுவென்று ஒலிக்கும். அள்ளும்போதே கை சொல்லிவிடும்.

மாலை நேரத்தில் குட்டைகளின் பக்கமிருந்து சீப்பின் பற்களை நகத்தால் உரசுவதுபோல் ஓர் ஒலி இடைவிடாமல் வருகிறது. அது என்ன பூச்சி?

பூச்சியன்று, தவளை. மூன்று செண்டிமீட்டர் அளவே உள்ள கோரஸ் தவளை அது. நீங்கள் சொன்ன சீப்பு உவமையைவிடச் சிறந்த விளக்கம் எனக்குத் தெரியாது. இது ஆற்றின் அடியிலோ ஆழமான வளையிலோ குளிர்காலத்தைக் கழிப்பதில்லை. சருகுக்கும் பனிக்கும் அடியில், உடலின் ஒரு பகுதி நீர் பனிக்கட்டியாகவே உறைந்துபோன நிலையில் கிடக்கிறது. உயிரணுக்களுக்குள் சேரும் சர்க்கரை அவை சிதையாமல் காக்கிறது. இதே பகுதியில் வாழும் காட்டுத் தவளைக்கு இதயத் துடிப்பே நின்றுபோய், இளகும்போது மீண்டும் தொடங்குகிறது. இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நான் மற்ற அறிகுறிகளைவிட இதை நம்புவதற்குக் காரணம் உண்டு. முயல் பகலின் நீளத்தைப் பின்பற்றுகிறது. பறவை எங்கோ தொலைவிலிருந்து புறப்படுகிறது. தவளையோ இந்த மண்ணிலேயே உறைந்து, இந்த மண் இளகினால்தான் எழுகிறது. இந்த நிலத்தின் முதற்குடிகளான கிரீ மக்கள் ஏப்ரலுக்கு அயீக்கி பீசிம், அதாவது தவளைத் திங்கள் என்றே பெயரிட்டிருக்கிறார்கள். மார்ச் அவர்களுக்கு நிஸ்கி பீசிம், கூஸ் திங்கள். நம் மொழியில் திங்கள் நிலவையும் மாதத்தையும் குறிப்பதுபோலவே அவர்கள் மொழியில் பீசிம் என்ற சொல்லும் வானத்து ஒளியையும் மாதத்தையும் குறிக்கிறது. அவர்களுடைய மாதப் பெயர்களை அறிந்துகொண்டால் இந்தப் பக்கத்தின் பாதி தேவைப்படாது.

குரோக்கஸ் பார்க்கப் போகலாம் என்று அலுவலகத்தில் அழைக்கிறார்கள். ஒரு பூவைப் பார்க்க இவ்வளவு தூரம் போவார்களா?

போவார்கள், நீங்களும் போங்கள். ஏப்ரலில், முந்தைய ஆண்டின் காய்ந்த புல் மட்டுமே இருக்கும் சரிவுகளில், இலை விடுவதற்கு முன்னாலேயே இளம் ஊதா நிறத்தில் இது பூக்கிறது. பெயர் குரோக்கஸ் என்றாலும் தோட்டங்களில் வளரும் குரோக்கஸுக்கு இது உறவில்லை. மனிட்டோபா இதை 1906இலேயே தன் மாகாண மலராக ஏற்றது. சாஸ்கட்டூனில் இருப்பவர்கள் நகருக்குத் தெற்கே உள்ள கிரான்பெரி ஃபிளாட்ஸ் மணற்சரிவுகளில் தேடலாம்.

நின்றபடி பார்த்தால் முழுமையாகத் தெரியாது, மண்டியிட வேண்டும். தண்டு, மொட்டு, இதழின் வெளிப்புறம் எல்லாம் வெள்ளி மயிரால் மூடப்பட்டிருக்கும். காலை வெயில் பக்கவாட்டில் படும்போது ஒவ்வொரு பூவைச் சுற்றியும் ஓர் ஒளிவிளிம்பு தெரியும். கிண்ணம்போல் விரிந்த பூ சூரியனை நோக்கித் திரும்பி வெயிலை நடுவில் குவிப்பதால், உட்புறம் சுற்றுக் காற்றைவிடச் சில பாகை சூடாக இருக்கிறது. அந்த வெதுவெதுப்புக்காகச் சிறு ஈக்களும் தேனீக்களும் உள்ளே வந்து அமர்கின்றன.

பறிக்கவோ வேரோடு எடுத்துவரவோ வேண்டாம். ஆழமாக வேரோடிய செடி இடம் மாற்றினால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. சாறு பட்டால் தோல் எரியும். உழாத பழம்புல்வெளியில் மட்டுமே இது மிஞ்சியிருக்கிறது, அத்தகைய நிலமோ ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறது.

வினிபெக்கிலிருந்து நண்பர் ஆயிரக்கணக்கான பாம்புகளைப் பார்க்க அழைக்கிறார். ஆபத்தில்லையா?

அவர் சொல்வது நார்சிஸ் என்ற இடம். மனிட்டோபாவின் சுண்ணாம்புக்கல் குழிகளில், உறைபனி எட்டாத ஆழத்தில் குளிர்காலத்தைக் கழிக்கும் கார்ட்டர் பாம்புகள் ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும் பல்லாயிரக் கணக்கில் வெளிவந்து இணைசேர்கின்றன. அவற்றால் மனிதருக்குத் தீங்கில்லை. சாலையைக் கடக்கும்போது நசுங்கி இறந்ததைக் கண்டு, அவற்றுக்காக நெடுஞ்சாலைக்கு அடியில் சிறு குழாய்ப் பாதைகள் அமைத்திருக்கிறார்கள்.

மே மாதம் 20 பாகை வந்துவிட்டது. கறிவேப்பிலைத் தொட்டியை வெளியே வைக்கலாமா?

பகல் வெப்பத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இரவைப் பாருங்கள். இங்குள்ளவர்கள் தக்காளி, மிளகாய் நாற்றுகளை விக்டோரியா நாள் விடுமுறை கழிந்தே வெளியில் நடுகிறார்கள். அது மே 25க்கு முந்தைய திங்கட்கிழமை. அதற்குப் பிறகும் உறைபனி விழுந்த இரவுகள் உண்டு. நான் மே இறுதியில் ஒரு தெளிந்த இரவை நம்பி வெளியே விட்ட ஐந்து வயதுக் கறிவேப்பிலைச் செடி, காலையில் வெந்த கீரைபோல் கறுத்துத் தொங்கியது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில்தான் நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழக்கிறது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. இரவு வெப்பம் தொடர்ந்து 10 பாகைக்கு மேல் நிற்கும்வரை, பெரும்பாலும் ஜூன் வரை, பகலில் வெளியிலும் இரவில் உள்ளேயும் வையுங்கள்.

புல்வெளியில் நடந்துவிட்டு வந்தபோது காலில் உண்ணி ஏறியிருந்தது. மருத்துவமனைக்கு ஓட வேண்டுமா?

பனி விலகியதும் உண்ணிகளும் எழுந்துவிடும். கூர்முனை இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்து எடுத்துவிட்டுச் சோப்பு நீரால் கழுவுங்கள். சஸ்காட்சுவானில் மிகுதியாக உள்ளது, உண்ணிக்கடியால் பரவும் லைம் நோயைக் கடத்தாத வகை; தென் மனிட்டோபாவில் அந்நோயைக் கடத்தும் கருங்கால் உண்ணி நிலைத்துவிட்டதால் அங்கே கூடுதல் கவனம் வேண்டும். காய்ச்சலோ, பரவும் சிவந்த வட்டமோ தோன்றினால் மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று: இவ்வளவு காத்திருந்து வந்த வசந்தம் எப்போது முடிகிறது?

மிக விரைவில். ஆஸ்பென் மரங்கள் மே நடுப்பகுதியில் ஒரு வாரத்துக்குள்ளாகவே சாம்பல் நிறத்திலிருந்து பச்சைக்கு மாறிவிடும். வெயில் நன்றாக ஏறிய வாரமானால் காலையில் பார்த்த மரம் மாலையில் வேறாகத் தெரியும். அதற்குள் குரோக்கஸ் பூக்கள் உதிர்ந்து, விதைகளின் மேல் நீண்ட வெள்ளி இழைகள் காற்றில் அலையத் தொடங்கியிருக்கும். ஜூன் நடுவில் இரவு பத்து மணிக்கும் மேற்கே வெளிச்சம் இருக்கும்போது, குட்டைகளில் தவளைகளின் ஒலி ஓய்ந்து கொசுக்களின் ஒலி எழுந்திருக்கும். மார்ச்சில் எல்லாருக்கும் முன்னதாகப் பனியைத் துளைத்துக்கொண்டு வந்த ஆண் தரை அணில்களோ, கொழுத்துத் திரண்டு, ஜூன் மாதத்திலிருந்தே ஒவ்வொன்றாக மண்ணுக்கடியில் அடுத்த உறக்கத்துக்குப் போகத் தொடங்கிவிடுகின்றன.